அரிட்டாபட்டியில் ஒரு ஐப்பசி ஞாயிறு

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் அரிட்டாபட்டியில் நின்றோம். மதுரை மாவட்டம், மேலூர் பக்கம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022இல் அறிவித்தார்கள். இருபது பேர். முன்னால் ஊர்ப் பெரியவர் ஒருவர், கையில் வேப்பங்குச்சி.

ராத்திரி பெய்த மழையில் மண் இன்னும் ஈரம். பத்தடி போனதும், "கால் பார்த்து வைங்க தாயி" என்றார். குனிந்தால் குங்குமச் சிவப்பில் பட்டுப்பூச்சி! சின்ன வயசில் தீப்பெட்டியில் புல் வைத்து வளர்த்தது. எண்ணிப் பார்த்தேன், எட்டுக் கால். பூச்சியே இல்லையாம், சிலந்திக்குச் சொந்தம். சங்கப் பாட்டில் வரும் 'மூதாய்' இதுதான் என்றார் கூட வந்த தமிழாசிரியர். தாத்தாவோ, "மழையோட வானத்துலருந்து விழுறது" என்று ஒரே போடு. எனக்குத் தாத்தா கட்சிதான்.

குடைவரைக் கோயிலில் சிவனின் வடிவமான லகுலீசர். சமணர் படுக்கைக்கு மேலே ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழி எழுத்து. எல்லாரும் செல்போனை நீட்டினோம். தாத்தா மட்டும் திரும்பி நின்று, மலையிலிருந்து மழைத்தண்ணீர் எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று குச்சியால் காற்றில் வரைந்துகொண்டிருந்தார். எனக்குக் கல்வெட்டைவிட அதுதான் சுவாரசியம்.

கோயில் மரத்தடியில் கிடந்த சுள்ளியை ஒரு பையன் எடுக்கப் போனான். "வச்சிரு ராசா, அது சாமியோடது." பயல் சுள்ளியை வைத்துவிட்டு, அதைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான்.

லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை மட்டும் கண்ணில் படவில்லை. மார்கழியில் திரும்பப் போகிறோம். யார் வர்றீங்க?