லூப்பர்ல எது பக், எது ஃபீச்சர்?

லூப்பர்னா வாசிச்சதைப் பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டுற மெஷின். அதுல பக்னு பேச்சு வந்தாலே எனக்கு எக்கோப்ளெக்ஸ் டிஜிட்டல் ப்ரோங்கிற லூப்பர் ஞாபகம்தான் வரும், அதுல ஃபீட்பேக் நாபை கொஞ்சம் குறைச்சு வெச்சா வாசிச்ச லூப் சுத்துக்கு சுத்து தேஞ்சுக்கிட்டே போகும், புதுசா வாங்கினவங்க மெஷின் போச்சுன்னே நினைப்பாங்க, ஆனா பழைய லேயர் மறைய மறைய புதுசு மேல வரணும்னுதான் அந்த நாபே இருக்கு. 1999ல வந்த லைன் 6 டிஎல்4ங்கிற கிட்டார் பெடல்ல 14 செகண்ட்தான் லூப், ஹாஃப் ஸ்பீட்ல ரெக்கார்ட் பண்ணா 28, சத்தம் கொஞ்சம் மங்கும், நார்மலுக்கு மாத்தினா கிட்டார் ஒரு ஆக்டேவ் ஏறிக் கீச்சுனு கத்தும், செம்ம!

எப்ப மிதிச்சாலும் அதேதான் நடக்குதுன்னா அது வாத்தியத்தோட குணம். கச்சேரி நடுவுல ஒரே ஒரு தடவை லூப் முனை நகர்ந்து தாளம் தப்புச்சுன்னா அது பக், சரிபண்ணியே ஆகணும். அப்டேட் விடுறவங்க முதல் வகையை மட்டும் தயவுசெஞ்சு தொடாதீங்க, அதை நம்பி பாட்டு போட்டவங்க இருக்காங்க.