கறிவேப்பிலை உள்ளே, குழாய் வெளியே

ஹூஸ்டனில் கடுங்குளிர் வரப்போகிறதா என்று தெரிந்துகொள்ள வானிலை அறிக்கை வேண்டாம். தமிழர் வீட்டுக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தால் போதும். ஆளுயரக் கறிவேப்பிலையைத் தொட்டியோடு இரண்டு பேர் கட்டிப்பிடித்துத் தூக்கி வருவார்கள். தொட்டிக்கு வலது கால் எது என்று தெரியாததுதான் குறை, மற்றபடி ஆரத்தி எடுக்காத கிரகப்பிரவேசம்.

ஊர் வானிலைக்காரர்கள் சொல்வது நான்கு 'பி': பீப்பிள், பெட்ஸ், பிளான்ட்ஸ், பைப்ஸ். நம் வீட்டு வரிசை வேறு. முதலில் கறிவேப்பிலை, அடுத்து முருங்கை, பிறகு மல்லிகை, நேரமிருந்தால் பிள்ளைகள். பைப் பட்டியலிலேயே கிடையாது. 2021 பிப்ரவரியில் பழிவாங்கியது அந்த பைப்தான். 16-ஆம் தேதி ஹூஸ்டன் விமான நிலையத்தில் 13 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் பத்தரை செல்சியஸ். டாலஸில் மைனஸ் 19. டெக்சஸ் மாநில மின்கட்டமைப்பு மொத்தமாகப் படுக்க 4 நிமிடம் 37 நொடிதான் பாக்கி இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். கரண்ட் போனது, ஹீட்டர் போனது, அப்புறம் குழாய்.

டெக்சஸ் வீடு வெயிலுக்காகக் கட்டியது. தரைக்கடியில் நிலவறை கிடையாது, கான்கிரீட் தளம்தான். அதனால் பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் வெளிச்சுவர் வழியாகவும் அட்டிக் என்கிற கூரைக்கடிப் பரண் வழியாகவும் ஓடுகிறது. அட்டிக்கில் பஞ்சுப் போர்வை அறையின் உட்கூரைப் பலகைமேல் விரித்திருக்கும், குழாய் அதற்கும் மேலே அம்மணமாகக் கிடக்கும். போர்வைக்கு மேல் படுத்தால் குளிர் விடுமா? பஞ்சைத் தூக்கிக் குழாய்மேல் போடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து ஏறும் சூடு குழாயைத் தொடட்டும். குழாய்க்கும் உட்கூரைப் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திணித்தால் அந்தச் சூட்டையும் தடுத்ததாகிவிடும். கடையில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று ஃபோம் உறை கிடைக்கும். மாட்டியபின் நீளவாக்குப் பிளவையும் முக்குகளையும் டேப்பால் ஒட்டவேண்டும். பெரும்பாலும் உறைவது முக்கில்தான்.

வெளிச்சுவர்க் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றுவதுதான் முதல் வேலை. எல்லோரும் மறப்பதும் இதைத்தான். ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்து பின்பக்கமாகக் குழாயை நெருக்கும். 'உறையாத குழாய்' என்று விற்கிற ரகம்கூட ஹோஸ் மாட்டியிருந்தால் வெடிக்கும். இந்தக் குழாய்க்கு மாட்டும் ஃபோம் மூடி கடையில் தீர்ந்துபோயிருக்கும், கவலை வேண்டாம். பழைய டவலைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, டக்ட் டேப் ஒட்டினால் ஆச்சு. பை அவசியம். நனைந்த டவல் மூடி இல்லை, ஐஸ் ஒத்தடம்.

அடுத்து, புல்வெளிக்குத் தண்ணீர் விடும் ஸ்பிரிங்க்ளரின் பித்தளை வால்வு. வீட்டோரம் தரைக்கு மேலே இரண்டு கைப்பிடியோடு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வரும் தண்ணீரை முதலில் மூடுங்கள். வால்வு உடம்பில் உள்ள சின்னத் திருகுகளை ஸ்க்ரூடிரைவரால் திறந்து வடியவிடுங்கள். பிறகு இரண்டு கைப்பிடியையும் பாதி, 45 டிகிரியில் நிறுத்துங்கள். முழுசாக மூடினால் உள்ளே இருக்கும் உருண்டையின் துளையில் ஒரு மடக்குத் தண்ணீர் சிறைப்படும். பித்தளையைப் பிளக்க அந்த ஒரு மடக்கு போதும்.

வீட்டுக்குள் குழாயைச் சொட்டவிடும் கலையும் உண்டு. தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து கடைக்கோடியில் இருக்கும் குழாயைத் தேர்ந்தெடுங்கள். சூடு, குளிர் இரண்டு பக்கமும் திறந்திருக்கவேண்டும். ஓடுகிற தண்ணீர் உறையாது என்பது பாதி உண்மைதான். குழாயை உடைப்பது ஐஸ் கட்டியை விட, ஐஸுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம். சொட்டு அந்த அழுத்தத்தை வெளியே விடுகிறது. ஊர் முழுக்கச் சொட்டவிட்டால் நகரத்தின் அழுத்தமே விழும். அதனால் கரண்ட் போய் வீடு ஜில்லிட ஆரம்பித்தால் வீட்டுக்கு வரும் தண்ணீர் மெயினை மூடி, மாடிக் குழாயையும் வெளியே தாழ்ந்திருக்கும் குழாயையும் திறந்து வடியவிடுவதே மேல். வெளிச்சுவரில் மாட்டிய டேங்க் இல்லாத வாட்டர் ஹீட்டரைத் தனியாக வடிக்கவேண்டும். அதன் உறைவுத் தடுப்பு கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போன இரவில் அதுவும் நம்மைப் போலவே நடுங்கும்.

மெயின் எங்கே இருக்கிறது, கைப்பிடி திரும்புகிறதா என்று வெயில் நாளிலேயே பாருங்கள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடுவது உடற்பயிற்சி ஆகாது.

மூடுமுன் குளியல் தொட்டியை நிரப்பிவிடுங்கள், டாய்லெட்டுக்கு ஒரு தடவைக்கு ஆறு லிட்டர் ஊற்றவேண்டும். அடைப்பான் மெல்ல ஒழுகும், அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வையுங்கள். குடிக்க ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் தனியாக. தோசை மாவு பொங்க, ஐஸ் போடாத பிக்னிக் பெட்டிக்குள் சுடுதண்ணீர் பாட்டிலோடு வையுங்கள். கடையில் பிரெட்டுக்கு அடித்துக்கொள்ளவேண்டாம், வருஷம் பூரா சோறு தின்கிறவர்கள்தானே.

இதில் மட்டும் விளையாட்டு இல்லை: கரி அடுப்பு வீட்டுக்குள்ளும் வேண்டாம், கதவு திறந்த கராஜிலும் வேண்டாம். கராஜில் காரை ஓடவிட்டுக் குளிர்காயவேண்டாம். ஜெனரேட்டர் கதவு ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளி நிற்கவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முதலில் வரும் தலைவலியும் குமட்டலும் சளிக்காய்ச்சல் போலவே இருக்கும்.

இனி தரையில் நட்ட செடிகள். முந்தின நாளே வேருக்குத் தண்ணீர் விடுங்கள், ஈர மண் சூட்டை வைத்திருக்கும். எட்டு முழ வேட்டி அருமையான போர்வை. ஆனால் செடியின் கழுத்தில் துண்டு கட்டுவது போல முடிச்சுப் போடக்கூடாது, தரைவரை தொங்கவிட்டு ஓரத்தில் செங்கல் வையுங்கள். சூடு வருவது மண்ணிலிருந்துதான். உள்ளே சரவிளக்கு போட்டால் பழைய குண்டு பல்பாக இருக்கட்டும். எல்இடி அழகுக்கு ஆகும், சூட்டுக்கு ஆகாது. முருங்கையை மூடிக் காப்பாற்றுவது வீண்வேலை. அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குச் சருகு குவித்துவிட்டு விடுங்கள்.

குழாய் பிளப்பது உறையும்போது, ஒழுகுவது உருகும்போது. அதனால் வெயில் வந்த அன்றுதான் ஆபத்து. மெயினைக் கொஞ்சமாகத் திறந்து, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டர் முகத்தில் இருக்கும் சின்ன முக்கோணத்தைப் பாருங்கள். அது சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது. உடனே மூடிவிட்டு அட்டிக்குக்கு ஏறுங்கள்.

கருகிய செடியை அவசரப்பட்டு வெட்டவேண்டாம். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே கீறுங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் பலசமயம் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். அதுவரை ரசத்துக்குக் கடுகும் மிளகாயும்தான்.