தடைக்காலத்துக்குள் அடங்காத மீன்

அலங்கார மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தொட்டிக்கூடத்தில் வேலை பார்த்தபோது, கேரளத்து ஆறுகளிலிருந்து வரும் 'மிஸ் கேரளா' மீன்களைத் தரம் பிரிப்பது என் பொறுப்பு. மூக்கு நுனியில் தொடங்கிக் கண்ணை ஊடுருவி உடலின் பாதிவரை ஓடும் சிவப்புக் கோடும், அதன் கீழே வால்வரை நீளும் கறுப்புக் கோடும் கொண்ட, ஒரு சாணுக்கும் குறைவான மீன் அது. ஏற்றுமதிப் பையின் நீர் கழிவால் கெடாமலிருக்க, பையில் அடைப்பதற்கு முன்பு அவற்றைப் பட்டினி போடுவோம். அப்படியும் வயிறு ஒடுங்காத பெண்மீன்கள் அக்டோபர் கழிந்த பிறகு வரும் சரக்கில் தென்படும். வாங்குபவர் கண்ணுக்கு அவை கொழுத்த மீன்கள், உண்மையில் சினைமீன்கள்.

2008இல் கேரள அரசு இந்த மீனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்து, ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களைத் தடைக்காலமாக அறிவித்தது. மழைக்காலத்தில்தான் மீன் முட்டையிடும் என்ற பொதுவான எண்ணம் இதன் பின்னால் இருந்திருக்க வேண்டும். ஆனால் இம்மீனின் இனப்பெருக்கக் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை என்பது பின்னர் ஆய்வுகளில் தெரியவந்தது. ஆக, மூன்று மாதத் தடையில் சினைமீனுக்குப் பயன்பட்டது ஒரே ஒரு மாதம். 2005 முதல் 2012 வரை இந்த வகை மீன்கள் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமாக ஏற்றுமதியாகி நாட்டை விட்டு வெளியேறின.

ஆயினும் வலை வீசுபவரை மட்டும் குற்றவாளியாக்குவது எனக்கு உடன்பாடில்லை. பாறைகளுக்கிடையே வேகமாக ஓடும் தெளிந்த நீரும், கரையிலிருந்து கவிந்து நிற்கும் செடிகொடிகளும் இம்மீனுக்கு வேண்டும். மணல் அள்ளுவதால் கிளம்பும் வண்டல், அது மேயும் பாசி படர்ந்த பாறைகளை மூடிவிடுகிறது. தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி மழையோடு ஆற்றில் கலக்கிறது. அணைகள் ஓட்டத்தை மறிக்கின்றன. கோடையில் நீர் வற்றி, கூட்டம் முழுவதும் ஆற்றின் ஒரே ஆழமான மடுவில் ஒதுங்கியிருக்கும் வேளையில் வெடி வைத்தாலோ நஞ்சு கலந்தாலோ, தாயும் குஞ்சுமாக அத்தனையும் ஒரே நாளில் மிதந்துவிடும். தொட்டிக்கூடத்தில் எத்தனை கவனமாகத் தரம் பிரித்தாலும் அதற்கு ஈடு கிடையாது.

இப்போது பண்ணைகளில் ஊக்குநீர் (ஹார்மோன்) ஊசி போட்டுக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். வணிகத் தேவைக்கு அது போதும் என்பதே என் எண்ணம். ஆனால் அந்தக் குஞ்சுகளைக் கண்ட ஆற்றிலெல்லாம் விடுவது சரியல்ல. சாலியாறு, வளபட்டணம், சந்திரகிரி என வெவ்வேறு ஆறுகளில் வாழும் இவை மரபணு அளவில் பிரிந்து நிற்கும் கூட்டங்கள். விட்டே தீர வேண்டுமென்றால், அந்தந்த ஆற்றுத் தாய்மீனின் குஞ்சுகளையே, அதுவும் மணல் அள்ளுவது நின்ற பகுதியில் விட வேண்டும்.