எங்கள் மன்றத்தின் பக்கத்திலிருந்து நான் நீக்கிவரும் படங்கள்

கடந்த இரண்டு வாரங்களாக, இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எங்கள் ஊர் நற்பணி மன்றத்தின் முகநூல் பக்கத்திலுள்ள பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கி வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு சிற்றூரில், ஏறத்தாழ நாற்பது பேர் மாதச் சந்தா செலுத்தி நடத்தும் மன்றம் எங்களுடையது. மருத்துவச் செலவுக்குக் கைகொடுப்பது, சக்கர நாற்காலியும் தண்ணீர்ப் படுக்கையும் இரவல் தருவது, இரத்தம் தேவைப்படுவோருக்கு ஆள் தேடித் தருவது ஆகியவை எங்கள் வழக்கமான பணிகள். நான் செயலாளராக இருந்தபோது பதிவேற்றிய படங்களே அவற்றுள் மிகுதி என்பதால், நீக்கும் வேலையும் என்னைச் சேர்ந்ததுதான்.

2021 நவம்பர் மழையில் குழித்துறைத் தாமிரபரணி கரைபுரண்டு தாழ்ந்த பகுதி வீடுகளுக்குள் புகுந்தபோது, அரிசி, சிறுபயறு, தேங்காய் எண்ணெய், பாய், போர்வை அடங்கிய பைகளைக் கொடுத்தோம். அந்த நாளின் படம் ஒன்று இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மன்றத்தின் மஞ்சள் பேனருக்கு முன்னால் நாங்கள் ஏழு பேர் வரிசையாக நிற்கிறோம். நடுவில் முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் சொன்னால் அண்டியாபீசில், தோடு உடைக்கும் ஒரு பெண்மணி பையை வாங்குகிறார். ஒரு பையைப் பிடிக்க ஐந்து கைகள் நீண்டிருக்கின்றன. அவருடைய முந்தானைக்குப் பின்னால் பாதி மறைந்து, பள்ளிச் சீருடையில் அவர் மகள் நிற்கிறாள்; சீருடையின் முத்திரையில் பள்ளியின் பெயரைக்கூடப் படிக்க முடிகிறது. நாங்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அவர்கள் இருவரும் தரையைப் பார்க்கிறார்கள்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்மணி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "மக்களே, நீங்க தந்த அரிசியும் பயறும் நல்லா இருந்து. அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துரணும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போவதுக்கு மடியா இருக்கு" என்றார். உறுப்பினர் ஒருவர் தம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த அந்தப் படத்தை அந்த உறுப்பினரின் மகன் பார்த்து, வகுப்புக் குரூப்பில் போட்டிருக்கிறான். எட்டாம் வகுப்புப் பிள்ளையை அதன் பிறகு சிலர், நிவாரணப் பையைக் குறிக்கும் 'கிட்' என்ற சொல்லாலேயே அழைத்திருக்கிறார்கள். அன்று மாலையே பக்கத்திலிருந்து படத்தை நீக்கினேன். ஆனால் ஸ்டேட்டஸாகவும் ஃபார்வர்டாகவும் சென்றுவிட்டவற்றை நீக்க என்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை.

அவரிடம் அனுமதி கேட்டுத்தானே எடுத்தோம் என்று மன்றத்தில் ஒருவர் சொன்னார். கேட்டது உண்மைதான். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மூன்று நாள் அடுப்பெரியாமல், கையில் பையை வாங்கிக்கொண்டிருப்பவரிடம் "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா அக்கா?" என்று கேட்டால், அவர் வேறு என்ன பதில் சொல்லிவிட முடியும்? வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை தம் பெயர் பட்டியலில் இருக்காது என்ற அச்சம் அவருக்கு இருக்கத்தான் செய்யும். மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரின் தலையசைப்பை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை இது மனச்சான்றோடு மட்டும் முடிவதில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை அடையாளம் தெரியும்படி வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2023-இல் நிறைவேறிய எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கி, அவர்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் போடும் மன்றங்களை எங்கள் மாவட்டத்தில் ஊர்தோறும் காண்கிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதும், நாங்களும் அப்படியே செய்தோம் என்பதும் எனக்குத் தெரியும்.

நன்கொடையாளர்களுக்குச் சான்று வேண்டும் என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். குவைத்திலும் துபாயிலும் வெயிலில் உழைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பும் பணம் அது. எங்கே போயிற்று என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு மளிகைக் கடையின் பில்லும், கட்டி அடுக்கிய பைகளின் படமும், வாங்கியவர்கள் கையொப்பமிட்ட பதிவேடும் போதும். பதிவேட்டைப் பொதுவில் போடாமல், கேட்டு வருபவர்களுக்கு நேரில் காட்டுகிறோம். மாதந்தோறும் வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வெளியிடுகிறோம். முகங்கள் நிறைந்த படங்கள் எந்தக் காலத்திலும் கணக்குக்கு ஈடாகியதில்லை.

பணம் கேட்கும் பதிவுகளில் இன்னொரு கவனமும் தேவைப்படுகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வளைகுடாவில் சம்பாதித்து வழக்கமான வங்கி வழியாக அனுப்பும் பணம், வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அதே ஊரில் பிறந்து, இப்போது வேறொரு நாட்டின் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத எங்களைப் போன்ற சிறு மன்றங்கள் அதைப் பெறக் கூடாது. ஆர்வம் மிக்க ஓர் உறுப்பினர் வங்கிக் கணக்கு எண்ணை உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்திருக்கும் குரூப்பில் போட்டுவிட்டால், வரும் சிக்கல் மன்றத்தின் தலையில் விழும்.

இரத்தம் கேட்கும் செய்திகளைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவருக்கு 'ஓ நெகட்டிவ்' தேவை என்று எங்கள் குரூப்பிலிருந்து ஒரு செய்தி சென்றது. "மிக அவசரம், அதிகம் பகிரவும்" என்று எழுதியிருந்தோம், தேதி எழுதவில்லை. அன்று மாலையே இரத்தம் கிடைத்துவிட்டது. ஆனால் நான்கு நாளில் அவர் இறந்துவிட்டார். மூன்று மாதம் கழிந்த பிறகும், முன்பின் தெரியாதவர்கள் அவர் மனைவியின் எண்ணுக்கு அழைத்து, "இப்ப எப்படி இருக்காரு, ரத்தம் கெடைச்சுதா?" என்று அன்போடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் இறந்த செய்தியை அந்த அம்மா சொல்ல வேண்டியிருந்தது. இப்போது எங்கள் செய்திகளில் தேதியும் நேரமும் முதல் வரியில் வருகின்றன. நோயாளியின் பெயரும் நோயும் வருவதில்லை. தொடர்பு எண் மன்ற உறுப்பினருடையது. தேவை முடிந்ததும் செய்தியை எல்லோருக்குமாக நீக்கிவிட்டு, முடிந்தது என்று தனியாக ஒரு வரி போடுகிறோம்.

பேரிடர்க் காலத்தில் இந்தக் கவனம் பல மடங்கு வேண்டியிருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் காத்திருந்த குடும்பங்களின் கைபேசிகளில் காணாமற்போனோர் பட்டியல்கள் வந்துகொண்டே இருந்தன. எது காலையில் எழுதியது, எது முந்தைய நாளில் எழுதியது என்று யாருக்கும் தெரியவில்லை. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு பழைய பட்டியலை மறுபடி அனுப்புவது ஒரு வீட்டை என்ன செய்யும் என்பது புரியும். மன்றத்தின் பெயரோடு வரும் செய்தியை மக்கள் சோதித்துப் பார்ப்பதில்லை, அப்படியே நம்புகிறார்கள். ஆகவே, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் கேட்டோ, சம்பந்தப்பட்ட ஊரில் நேரில் விசாரித்தோ உறுதிசெய்யாத எதையும் புயல் நாள்களில் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

உறுப்பினர்களின் சொந்தக் கணக்குகளைப் பற்றிய பேச்சுதான் எங்கள் கூட்டத்தில் மிகவும் சூடாக நடந்தது. 1982-இல் மண்டைக்காட்டில் தொடங்கிய மதக் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் வாழும் மாவட்டம் இது. எங்கள் உறுப்பினர் ஒருவர், திருவிழா ஒலிபெருக்கி தொடர்பான தகராறு ஒன்றில், மற்ற சமயத்தாரைப் பற்றித் தம் சொந்தப் பக்கத்தில் கடுமையாக எழுதினார். அவருடைய முகப்புப் படத்தில் மன்றத்தின் சின்னம் இருந்தது. மறுநாள் காலை, அந்தச் சமயத்தைச் சேர்ந்த ஒரு வீட்டார், பக்கவாதத்தில் கிடந்த பெரியவருக்காக எங்களிடம் வாங்கியிருந்த சக்கர நாற்காலியைத் துடைத்து, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. "இனி தேவைப்படாது சார்" என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பேசித்தான் அந்த நாற்காலியைத் திரும்பக் கொடுக்க முடிந்தது. எவரும் தம் கருத்தைச் சொல்வதை மன்றம் தடுக்காது. ஆனால் சின்னத்தை அணிந்துகொண்டு பேசினால் நாற்பது பேரும் சேர்ந்து பேசியதாகவே ஊர் கொள்ளும். எனவே சொந்தக் கணக்குகளிலிருந்து சின்னத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டோம். மூன்று பேர் இன்னும் எடுக்கவில்லை. அவர்களிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தில் இன்னும் 2019, 2020-ஆம் ஆண்டுப் படங்கள் மீதமிருக்கின்றன. அதற்கிடையே, வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் கைபேசியின் கேலரியைத் திறந்து, நிவாரணம் வழங்கியபோது எடுத்த படங்களை அங்கேயே அழிக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். அந்தப் பிள்ளையின் படம் யாரிடமாவது இருந்தால், முதலில் அதை அழித்துவிட்டு என்னிடம் சொல்லச் சொல்வேன். அவள் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.