தானியேல் எதை மறுத்தார்?

யூதாவிலிருந்து சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேலுக்குப் பாபிலோனில் பெயரை மாற்றினார்கள், கல்தேயரின் பாஷையைக் கற்றுக்கொடுத்தார்கள். தானியேல் அதற்கெல்லாம் சண்டை போடவில்லை. ராஜாவின் போஜனத்தையும் திராட்சரசத்தையும் மட்டும் மறுத்தார். எது கூடாது என்பதை முன்பே இருதயத்தில் தீர்மானித்திருந்தார் (தானியேல் 1:8). அந்தத் தீர்மானம் நம்மிடம் இல்லாததால்தான் ராயபுரமோ பெரம்பூரோ, ஞாயிறு ஆராதனையில் கண்ணீர் விடுகிறவர்களே மகனுக்குப் பெண் பார்க்கும்போது சவரன் கணக்கு பேசுகிறார்கள். இது எனக்குப் பெரிய வேதனை.

பக்தியின் அனல் குறைவது முதலில் வேத வாசிப்பில்தான் தெரியும். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். தினம் 3, ஞாயிறு மட்டும் 5 என்று படித்தால் ஒரு வருஷத்தில் முடியும். ஜனவரியில் தொடங்குகிறவர்கள் நான்கு வாரத்தில் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்துக்கு வந்துவிடுவார்கள், பலர் நிற்பது அங்கேதான். பலிகளின் விவரம் சலிப்பாகத் தெரியும். அந்த வாரங்களில் கூடவே புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 9, 10 அதிகாரங்களைப் படியுங்கள். பலிகள் எதைக் காட்டின என்று புரியும்.

நேரமும் முக்கியம். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவரிடம் 5 மணி ஜெபம் என்றால் நடக்காது. வியாபாரம் முடிந்து வந்ததும், செல்போனை எடுக்கும் முன் உட்காரட்டும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் 6 அதிகாரம் என்று ஓடவேண்டாம், விட்டதை விட்டுவிட்டு அந்த மறுநாளுக்குரிய பகுதியிலிருந்தே தொடருங்கள். பாக்கியைச் சுமக்கிறவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள்.