வடலூருக்குத் தைப்பூசத்தில் போகாதீர்கள்

தைப்பூசத்தன்று வடலூர் போவதாக இருந்தால் டிக்கெட்டை மாற்றிவிடுங்கள். வள்ளலார் நிறுவிய சத்திய ஞானசபையில் அன்று காட்டும் ஜோதி தரிசனத்தைக் குறைசொல்லவில்லை. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஜோதியை மறைக்கும் ஏழு திரையும் விலகுவது அன்றைக்கு மட்டும்தான். காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடியற்காலை 5.30 என ஆறு காலம் காட்டுவார்கள். ஆனால் அந்தச் சில நொடி வெளிச்சத்துக்காகச் சபையைச் சுற்றியுள்ள பெருவெளி முழுக்கத் தலைகளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலுமுனைச் சந்திப்பிலிருந்து சபைக்கு நடந்தே போகலாம். அதற்கே அன்று ஆட்டோவில் கேட்கும் காசில் கடலூருக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பிவிடலாம்.

வெறும் செவ்வாய், புதனில் போங்கள். வள்ளலார் கடவுளை எப்படி நேசிக்கச் சொன்னார் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் படும். ஜோதியும் பார்த்தே தீரவேண்டும் என்றால் மாதந்தோறும் பூச நட்சத்திரத்தன்று வரும் மாதப்பூசம் இருக்கிறது. ஆறு திரைதான் நீக்குவார்கள், ஆனால் நின்று பார்க்கலாம்.

சென்னையிலிருந்து கும்பகோணம் பஸ்கள் பெரும்பாலும் வடலூர் வழியாகத்தான் போகும். விக்கிரவாண்டியில் பிரிந்தபிறகு வரும் நால்வழிச்சாலை வேலையை ஆண்டுக்கணக்கில் இழுத்த இழுப்பில் முதுகெலும்பு கழன்றவர்கள் ஏராளம். முதுகு முக்கியமென்றால் ரயில்: கடலூர், விருத்தாசலம் பாதையில் வடலூருக்கே ஸ்டேஷன் உண்டு. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் சபைக்கு ஓடாமல் முதலில் பசித்தவர்களுக்குச் சோறிட வள்ளலார் தொடங்கிய தருமச்சாலைக்குப் போங்கள். 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், விறகடுப்பு. இதை அதிசயமாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அங்கே அதிசயம் எதுவும் இல்லை. யாராவது விறகு தள்ளுகிறார்கள், யாராவது அரிசி களைகிறார்கள், அதனால் எரிகிறது. பசித்தவன் வயிறு நிரம்புவதே கடவுள் வழிபாடு என்று சொன்னவர், அதற்குக் கோபுரம் கட்டாமல் அடுப்பு கட்டினார். இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள்.

பந்தியில் சாதி, ஊர், மதம் எதுவும் கேட்க மாட்டார்கள். காசும் கேட்க மாட்டார்கள், அதனால் சாப்பாட்டுச் செலவைப் பட்ஜெட்டிலிருந்து அடித்துவிடலாம். சோறும் குழம்பும் எளிமையாகத்தான் இருக்கும், ஆனால் சுடச்சுட வரும். ஹோட்டல் ருசி தேடிப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த இடத்தைப் பசியோடு வருகிறவருக்கு விட்டுவிடுங்கள். தின்ன முடிந்ததை மட்டும் வாங்குங்கள். போட்டோவுக்காக இரண்டு கவளம் தின்றுவிட்டு மிச்சத்தை ஒதுக்குவதைவிட அநாகரிகம் அங்கே வேறில்லை.

ஏதாவது கொடுக்க நினைப்பவர்கள் செய்யும் தப்பு ஒன்றுதான். வீட்டில் புளியோதரை கிளறிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். வெயிலில் நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் வந்த சோறு நசநசத்துப்போகும், காகிதம் பெருவெளியில் பறக்கும். அதற்குப் பதில் ஒரு சிப்பம் நல்ல அரிசி, ஐந்து கிலோ துவரம்பருப்பு போதும். வடலூரிலேயே வாங்கினால் சுமை கிடையாது. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தைப்பூசத்துக்கு மூட்டை மூட்டையாகக் குவியும். ஆடியிலும் ஐப்பசியிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை, அந்த மாதங்களில் கொடுங்கள். காசில்லையென்றால் காய் நறுக்க உட்காரலாமா என்று கேளுங்கள்.

பிறகு சத்திய ஞானசபை, எண்கோணக் கட்டடம். முதல் ஜோதி தரிசனம் 1872 ஜனவரி 25. புலை (புலால் உண்பது), கொலை தவிர்த்தவர்களே உள்ளே புகலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பிரியாணி தின்றுவிட்டுக் 'கொஞ்சம் எட்டிப் பார்க்கிறேன்' என்று நுழைவது வேண்டாம். வெளியிலிருந்து கும்பிட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை.

கடைகளில் மூலிகைப் பொடி விற்கும். வள்ளலார் சொன்ன அன்றாட ஒழுக்கத்தில் அதுவும் ஒன்று. கரிசலாங்கண்ணி பெரும்பங்கு, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் கொஞ்சம் கொஞ்சம். கொதிக்கவைத்து வடிகட்டிக் காலையில் குடிக்க வேண்டும். வாங்கும்முன் பாக்கெட்டில் சேர்மானத்தைப் படியுங்கள், வெறும் பச்சைப்பொடியும் விற்கிறார்கள். விடியுமுன் எழு, வெந்நீர் குடி, வயிறு முட்டத் தின்னாதே, பகலில் தூங்காதே, இடப்பக்கம் சரிந்து படு என்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எழுதிவைத்த மனிதர். பக்தியை மலையேறிச் செய்யச் சொல்லாமல் பல் துலக்குவதிலிருந்து தொடங்கச் சொன்னவர் என்பதால்தான் இந்த ஊர் எனக்கு மற்ற தலங்களைவிட ஒரு படி மேல்.

நேரமிருந்தால் மேட்டுக்குப்பம் சித்திவளாகம் போங்கள். 1874 ஜனவரி 30 அன்று அவர் உள்ளே போய்த் திரும்பி வராத அறை மூடியே இருக்கும், தைப்பூசம் கழிந்த இரண்டாம் நாள்தான் திருஅறை தரிசனம். முந்தின அக்டோபரில் அவர் வெளியே எடுத்துவைத்த விளக்கு மட்டும் எந்நாளும் பார்க்கக் கிடைக்கும். அவர் முன்பு வாழ்ந்த கருங்குழியையும் சேர்த்துப் பேசினால் ஆட்டோ கட்டுப்படியாகும். ஏறுமுன் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துத் தொகை பேசிவிடுங்கள், இல்லையென்றால் இறங்கும்போது கூடிவிடும்.