வரிசையில் நிற்கும் மழை

நவம்பர் 13, 2023

தீபாவளிக்கு மறுநாள், லேபில் ஒருவரும் இல்லை. 2015 சென்னை வெள்ள மழையை வானிலை மாடலில் மறுபடி பெய்ய வைக்கும் என் ஆராய்ச்சிக்காக, கிளஸ்டரில் (பல கம்ப்யூட்டர்களை இணைத்த பெரிய இயந்திரம்) 16 நோடு, அதாவது 16 கம்ப்யூட்டர், கேட்டுப் போட்ட ஜாப் இன்னும் 'பி.டி.', காத்திருப்பில். காரணம் என்ற இடத்தில் 'பிரையாரிட்டி' என்ற ஒரே சொல். அம்மா அதிரசம் அனுப்பியிருக்கிறாள், கூரியர் வரவில்லை.

நவம்பர் 15

இன்று முழுக்க வரிசையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வரிசையை நடத்தும் மென்பொருளான ஸ்லர்ம் ஒரு பெரிய ஜாப்புக்காக நோடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து வைக்கிறது. கடைசி நோடு கிடைக்கும்வரை மற்றவை சும்மாதான் கிடக்கும். அந்த இடைவெளிக்குள் முடிந்துவிடுகிற சின்ன ஜாப் ஏதாவது இருந்தால் அதை உள்ளே விட்டுவிடும். முடியும் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜாப் அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடும் என்று நாம் எழுதிக் கொடுக்கிற வால்டைமை வைத்துத்தான். இங்கே எல்லோரும் பயத்தில் 72 மணி நேரம் என்று எழுதுகிறார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 72 கேட்டால் எந்த இடைவெளியிலும் நுழைய முடியாது.

அதனால் ரன்னைத் துண்டு போட்டுவிட்டேன். மாடலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு ரிஸ்டார்ட் கோப்பு (விட்ட இடத்திலிருந்து தொடர), 8 நோடு, 9 மணி நேரம். ஒன்று ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று சங்கிலியாகக் கட்டியிருக்கிறேன். இரவு 11:40-க்கு முதல் துண்டு 'ஆர்' ஆனது, ஓடத் தொடங்கிவிட்டது. தூக்கமே வரவில்லை.

நவம்பர் 16

தாம்பரத்தில் விழ வேண்டிய மழை மறுபடியும் கடலில்.

நவம்பர் 18

2015 டிசம்பர் 2 காலை எடுத்த அளவு: தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47, மீனம்பாக்கம் 35, நுங்கம்பாக்கம் 29. ஒரே நாள் மழை. இந்த நான்கு எண்களையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் ரன்னில் மழைப் பட்டை சரியாகவே உருவாகிறது, வடகிழக்கிலிருந்து சரியாகவே வருகிறது, கரையைத் தொடும் முன் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மைக்ரோபிசிக்ஸ், அதாவது மேகத்துக்குள் மழைத்துளி உருவாகும் கணக்கு, அதையும் மாற்றிப் பார்த்தாயிற்று. உள் டொமைனில் (நடுவே நுணுக்கமாகக் கணக்கிடும் பகுதி) கட்டத்தின் அளவை 3 கிலோமீட்டரிலிருந்து 1 கிலோமீட்டருக்கு இறக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அதே பரப்புக்குக் கட்டங்கள் ஒன்பது மடங்கு, டைம் ஸ்டெப் (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) மூன்றில் ஒரு பங்கு. ஆக 27 மடங்கு வேலை. சாரிடம் எப்படிக் கேட்பது?

நவம்பர் 19

உலகக் கோப்பை இறுதிப் போட்டி. வரிசையில் கூட்டம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. நாமும் ஜெயிக்கவில்லை.

நவம்பர் 22

விடியற்காலை மூன்று மணிக்கு ரன் நின்றுவிட்டது. லாக் கோப்பு முழுக்க 'சி.எஃப்.எல்.' வரிகள். ஒரு டைம் ஸ்டெப்புக்குள் காற்று ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டால் கணக்கு சிதறிவிடும். 1928-லேயே கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூன்று பேரும் சொல்லிவிட்ட நிபந்தனை. வெளி டொமைன் 9 கிலோமீட்டர் என்றால் ஆறால் பெருக்கி 54 நொடி வைப்பது வழக்கம். எங்கே உடைந்தது என்று பார்த்தால், சரியாக அந்த மழைப் பட்டைக்குள்தான், மேலேறும் காற்றில். எரிச்சலுக்கு நடுவே ஒரு சந்தோஷம். மாடல் அந்த இடத்தில் நிஜமாகவே முட்டி மோதுகிறது. 45 நொடியாக இறக்கிவிட்டு மறுபடியும் போட்டேன்.

நவம்பர் 24

ஜி.பி.யூ.வுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) மாறக் கூடாதா என்று செமினாரில் ஒருவர் கேட்டார். கேட்கிற தொனியிலேயே, நான் ஏதோ பழைய பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பது போல. அங்கே நிதானமாகச் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஓட்டும் வானிலை மாடலான டபிள்யூ.ஆர்.எஃப்., பல பேர் பல வருடமாக எழுதிச் சேர்த்த ஃபோர்ட்ரான் நிரல். மேகம், மண் ஈரம், கதிர்வீச்சு என்று கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு கிளையில் போகிற கணக்கு. இதற்கு சி.பி.யூ. கோர்கள் இளைத்தவை அல்ல. எங்கள் நோடில் 24 கோர் ப்ராசஸர் இரண்டு, மொத்தம் 48 கோர், 192 ஜி.பி. மெமரி. 48 கோரையும் நிரப்பினாலும் சரி, 36-ஐ மட்டும் நிரப்பினாலும் சரி, ஒரு ஸ்டெப்புக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றேதான். கோருக்கு வேலை செய்யத் தெம்பு இருக்கிறது, மெமரியிலிருந்து எண்கள் வந்து சேரத்தான் தாமதம். 8 நோடிலிருந்து 16-க்குப் போனபோதும் நேரம் பாதியாகவில்லை, மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. 32 கேட்டால் வெளி டொமைனில் ஒரு கோருக்குப் பத்துக்குப் பத்துக் கட்டம்கூடத் தேறாது, மாடல் ஓடவே மறுக்கும். எத்தனை கோர் இருக்கிறது என்று கேட்பவர்கள் இதையெல்லாம் கேட்பதே இல்லை.

நவம்பர் 27

அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு. அப்பாவிடம் பேசினேன். "அதெல்லாம் ஒண்ணும் வராதும்மா. ஏரிய எப்ப தொறப்பாங்கன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுமா?" 2015-லிருந்து இதே கேள்வி. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அப்போது திறந்துவிட்ட வினாடிக்கு 29,000 கனஅடி என்ற எண்ணை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. என் கம்ப்யூட்டர் ஏரியைச் சொல்லாது அப்பா, மழையையே இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

நவம்பர் 30

கணக்குப் போட்டே வானிலையைச் சொல்லப் பார்த்த ரிச்சர்ட்சன் ஞாபகம். முதல் உலகப் போரில், பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே 1910 மே 20-க்கு ஆறு மணி நேர முன்னறிவிப்பைக் கையால் கணக்குப் போட்டார். அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று வந்தது. நிஜத்தில் அன்று அநேகமாக மாறவே இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாததுதான் காரணம். அதை மறைக்காமல் 1922-ல் அச்சிட்டார். கூடவே 64,000 பேர் உட்கார்ந்து உலக வானிலையைக் கணக்கிடும் ஒரு கூடத்தையும் கற்பனை செய்தார்.

தொடக்கம். தொடக்க நேரத்தை நான் இன்னும் மாற்றிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 1

தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது. கிளஸ்டரில் அறிவிப்பு: 5-ஆம் தேதி காலை 8 மணி முதல் பராமரிப்பு. வால்டைம் அந்த நேரத்தைத் தாண்டுகிற எந்த ஜாப்பும் இனி தொடங்காது.

டிசம்பர் 3

புயலாகி, மிக்ஜாம் என்று பெயர் வைத்தாயிற்று. எங்கள் வீடு இருக்கும் முடிச்சூரில் நாள் முழுக்க மழை. கீழ்வீட்டுப் பாட்டியை மாடிக்கு அழைத்து வந்துவிட்டார்களாம். பைக்கைப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு வந்தேன் என்றார் அப்பா.

புனேயில் பிரத்யுஷ், நொய்டாவில் மிஹிர் என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. 2018 முதல் நாட்டின் முன்னறிவிப்புக்காக ஓடுகின்றன. அங்கே மழை வருவதற்குள் பதில் வந்தாக வேண்டும். நான் எட்டு வருடம் கழித்தும் வரிசையில்.

டிசம்பர் 4

காலை 9 மணிக்கு மேல் வீட்டுக்குப் போன் போகவில்லை. இரண்டு எண்களும். சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ஓடுபாதையில் தண்ணீர்.

கிளஸ்டர் காலியாகக் கிடக்கிறது. பராமரிப்புக்கு முன் 72 மணி நேர ஜாப் எதுவும் நுழைய முடியாதல்லவா. 16 நோடு, 14 மணி நேரம் என்று போட்டேன், போட்ட உடனே 'ஆர்'. இத்தனை நாள் கேட்டதெல்லாம் இன்று கேட்டவுடன் கிடைக்கிறது. 1 கிலோமீட்டர் ரன், சென்னையை மட்டும் சுற்றிய சின்ன மூன்றாம் டொமைனோடு, தொடக்கம் 2015 நவம்பர் 30, 00 யூ.டி.சி. (நம் நேரம் காலை 5:30), முன்பை விட 12 மணி நேரம் முன்னால். வேறு என்ன செய்வது? அழைத்துக்கொண்டே இருக்கிறேன், 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. பக்கத்து ஜன்னலில் லாக் வரிகள் ஓடுகின்றன, டொமைன் 3, ஒரு ஸ்டெப்புக்கு இத்தனை நொடி, டொமைன் 3, டொமைன் 3.

முடிச்சூருக்குப் பக்கத்து வரதராஜபுரத்தில் படகு போகிறது என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள். எந்தத் தெரு என்று தெரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

டிசம்பர் 5

அதிகாலை. 'சக்சஸ் கம்ப்ளீட்'. மழை தாம்பரத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. முடிச்சூர் இருக்கும் கட்டம் அடர் சிவப்பு. படத்தை மூடிவிட்டேன்.

பிற்பகல். பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. போன் இல்லை.

டிசம்பர் 6

அப்பா பேசினார். இரண்டு நிமிடம், யாரோ ஒருவரின் போனில். முட்டி வரை தண்ணீர், மாடியில் எல்லோரும் பத்திரம், கரண்ட் இல்லை, பாட்டிக்கு மாத்திரை வாங்க வேண்டும். "நீ சாப்டியா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

டிசம்பர் 7

மிக்ஜாமையும் ஓட்டிப் பார்க்கலாமே என்கிறார் சார். மாடலுக்குத் தொடக்கமாகக் கொடுக்கிற ஈ.ஆர்.ஏ.5 வானிலைத் தரவு ஐந்து நாள் பின்தங்கித்தான் வரும் என்றேன். நாளை ஊருக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது, ரயில் ஓடினால். கிளஸ்டரின் தற்காலிக இடமான ஸ்கிராட்ச்சில் 30 நாள் தொடாத கோப்புகள் தானாக அழிந்துவிடும், வீட்டில் எப்போது நெட் வருமோ. 1 கிலோமீட்டர் ரன்னின் ரிஸ்டார்ட் கோப்புகளை மட்டும் ஹோமுக்கு, அழியாத இடத்துக்கு, மாற்றிக்கொண்டிருக்கிறேன். 41 சதவீதம். கோட்டா போதுமா என்று பார்க்க வேண்டும்